ஐயர்: ஒரு மரியாதைச் சொல் குடும்பப் பெயரான கதை – மயிலாப்பூர்ச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

சர் பி.எஸ். சிவசாமி ஐயரின் (1864–1946) பெயர் இன்றும் மயிலாப்பூரில் புழங்குகிறது. ஆனால் எங்கும் ஒரே வடிவில் இல்லை. அவருடைய ஆங்கில நூல்களின் முகப்பில் பட்டப்பெயர் ஏ-ஐ-ஒய்-இ-ஆர் என்று அச்சாகியிருக்கிறது. அவர் மனைவியை நினைவுகூரும் லேடி சிவசாமி ஐயர் பெண்கள் பள்ளி அதையே ஏ-ஒய்-ஒய்-ஏ-ஆர் என்று எழுதுகிறது. சர் சிவசாமி கலாலயா பள்ளியின் பெயரில் பட்டமே கிடையாது. இதே பட்டத்தை இன்று நாளிதழ்களும் கடவுச்சீட்டுகளும் பெரும்பாலும் ஐ-ஒய்-இ-ஆர் என்று எழுதுகின்றன. சர் சி.பி. ராமசாமி ஐயரின் (1879–1966) நினைவாக எல்டாம்ஸ் சாலையில் இயங்கும் அறக்கட்டளை ஏ-ஐ-ஒய்-ஏ-ஆர் என்ற வடிவைக் காத்துவருகிறது. நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசில் பிரசார அமைச்சராக இருந்த எஸ்.ஏ. ஐயர் தம் பெயரை ஏ-ஒய்-இ-ஆர் என்று சுருக்கமாக எழுதினார். ஆக, ஒரே சொல்லுக்கு ஆங்கிலத்தில் குறைந்தது ஐந்து எழுத்துக்கூட்டல்கள் உள்ளன.

இந்த வேறுபாட்டை எழுதியவர்களின் கவனக்குறைவு என்று தள்ளிவிடுவது வழக்கம். அது சரியல்ல என்பது என் கருத்து. பெரும்பாலான வடிவங்கள் ஓர் எழுத்துமுறையிலிருந்தும், அந்த முறையை நடத்திய ஒரு நிறுவனத்திலிருந்தும் பிறந்தவை. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இந்த வடிவங்கள் எல்லாமே, தமிழில் பெயரின் ஈறாக ஒட்டிக் கிடந்த ஒரு சொல்லைத் தனியே வெட்டி எடுத்து, குடும்பப் பெயர் என்ற புதிய இடத்தில் வைத்தபோது தோன்றியவை.

சொல்லின் பழைய வரலாறு

ஐயர் என்பதன் அடி 'ஐ'. தலைவன், தந்தை, மூத்தோன் என்ற பொருள்களில் அது சங்க நூல்களிலேயே ஓரெழுத்துச் சொல்லாக நிற்கிறது. திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில் வீரன் தன் தலைவனை 'என்னை' என்று குறிப்பது 'என் ஐ' என்பதன் புணர்ச்சியே. தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய மொழிகளில் அய்ய, அய்யன் என்று இதற்கு இனமான சொற்கள் உண்டு. வடமொழி 'ஆர்ய' பிராகிருதத்தில் 'அஜ்ஜ', 'அய்ய' என்று திரிந்து தமிழுக்குள் வந்தது என்போரும் உள்ளனர். ஒலி ஒற்றுமையால் அந்தச் சொல் தமிழ்ச் சொல்லின் வழக்கை வலுப்படுத்தியிருக்கலாம். ஆனால் 'ஐ' என்ற வெறும் அடி தனித்துப் பொருள் தருவதும், அதிலிருந்து ஐயன், ஐயை, ஐயனார் என்று ஒரு குடும்பமே கிளைத்திருப்பதும், அது இந்த மண்ணின் சொல் என்பதையே காட்டுவதாக நான் கொள்கிறேன்.

தொல்காப்பியக் கற்பியலில் 'ஐயர்' வருகிறது. அங்கே அது சமுதாயத்தின் மூத்தோரைக் குறிக்கிறதா, முனிவரையா, அந்தணரையா என்று உரைகாரர் காலம் தொட்டு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. எந்தப் பொருளைக் கொண்டாலும் அது ஒரு சாதியின் பெயராக அங்கே இல்லை.

சோழர் காலத்துக்கு வந்தாலும் நிலை அதுதான். முதலாம் பராந்தகனின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஒரு பிராமணச் சபையின் ஆவணங்கள். இரண்டாவது ஆணையை நிறைவேற்ற வந்த அரசு அலுவலர் கிரமவித்த பட்டன், சோமாசிப் பெருமான் என்ற பெயர்களால் சுட்டப்படுகிறார். வேதத்தைக் கிரம முறையில் ஓதியவன், சோம வேள்வி செய்தவன், கற்றுத் தேர்ந்தவன் என்று கல்வியையும் சடங்கையும் சொல்லும் பட்டங்கள் இவை. பிரமதேயங்களின் கல்வெட்டுகளில் சதுர்வேதி, சடங்கவி, பட்டன் ஆகியவை மிகுதி. இன்று நாம் அறியும் பொருளில் 'ஐயர்' என்ற பட்டம் அக்காலத்தில் நிலைபெறவில்லை.

நாயக்கர் காலத்தில் காட்சி மாறுகிறது. திருமலை நாயக்கரின் (1623–1659) தளபதி இராமப்பையன். அவர் மீது 'இராமப்பையன் அம்மானை' என்ற நூலே உண்டு. இங்கே கவனிக்க வேண்டியது ஒருமை விகுதி: ஐயர் அல்ல, ஐயன். ராமய்ய, வெங்கடய்ய என்று பெயரோடு 'அய்ய' சேர்ப்பது தெலுங்கிலும் கன்னடத்திலும் பொது வழக்கு. பிராமணருக்கு மட்டும் உரியதும் அல்ல. அந்த வழக்கு தமிழ் நாட்டின் ஆட்சிமொழிச் சூழலில் பரவியதும், தமிழின் பழைய 'ஐயன்' அதோடு கலந்ததும், பிறகு மரியாதைப் பன்மையான 'ர்' ஏறி ஐயர் என்று நிலைத்ததும் இந்தச் சில நூற்றாண்டுகளின் வேலை. தியாகராஜரைத் (1767–1847) தெலுங்கர் தியாகய்ய என்றும் தமிழர் தியாகையர் என்றும் சொல்வதில் இந்த இரு ஓட்டங்களையும் ஒருசேரப் பார்க்கலாம். வைணவரின் 'ஐயங்கார்' பட்டத்தில் தெலுங்கின் மரியாதை ஒட்டான 'காரு' இருப்பதாகப் பலர் கருதுவதும் இதற்குப் பொருந்துகிறது.

இந்தப் பட்டம் ஒரு வகுப்பாருக்கே உரிய தனிச்சொத்தாக ஒருபோதும் முழுமையாக மாறவில்லை. மதுரைச் சௌராஷ்டிரரிடமும் அது வழங்கியது. தமிழ்ப் புராட்டஸ்டண்டு சபைகளில் போதகரை 'ஐயர்' என்றே அழைத்தனர். நெல்லைச் சீமை ரேனியஸ் ஐயரை இன்னும் மறக்கவில்லை. 1839இல் சென்னைக்கு வந்து இறங்கிய ஜி.யு. போப் தமிழ் நூல்களில் போப்பையர் ஆனார். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினா கடற்கரையில் சிலை வைக்கப்பட்டவர் அவர்தான். சமயம் போதிக்கும் பெரியவர் யாராயினும் அவர் ஐயர் என்ற பழைய பொருள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் உயிரோடு இருந்ததற்குப் போப்பையர் என்ற பெயரே போதிய சான்று.

ஒட்டும் வெட்டும்

போப்பையர், தியாகையர், சாமிநாதையர். இந்த மூன்று வடிவங்களில்தான் இக்கட்டுரையின் மையம் இருக்கிறது.

உத்தமதானபுரம் வேங்கடசுப்பையரின் மகன் சாமிநாதன். தமிழில் அவர் பெயர் சாமிநாதையர். 'சாமிநாதன்' என்பதன் னகர ஈறு கெட்டு, அந்த இடத்தில் 'ஐயர்' வந்து புணர்ந்தது. அதாவது 'அன்' என்ற ஆண்பால் ஈறு செய்த வேலையை 'ஐயர்' என்ற மரியாதை ஈறு எடுத்துக்கொண்டது. தமிழில் இது பெயருக்குப் பின்னால் நிற்கும் இன்னொரு பெயர் அல்ல. பெயரின் ஈறே இதுதான். முதலியார், செட்டியார், பிள்ளை ஆகியவற்றுக்கும் இந்த இலக்கணம் பெருமளவு பொருந்தும்.

ஆங்கில ஆவணங்கள் இதைப் பிரித்தன. ஒருவருக்குத் தன் பெயர் ஒன்று, குடும்பப் பெயர் ஒன்று என்று எதிர்பார்த்த எழுத்தர், சாமிநாத என்று ஒரு சொல்லும் ஐயர் என்று ஒரு சொல்லுமாக எழுதினார். 'சாமிநாத' என்று அவரை யாரும் அழைத்ததில்லை; அது பேச்சில் இல்லாத மொட்டை அடி. ஆனாலும் நீதிமன்றத் தீர்ப்பும் பல்கலைக்கழகப் பட்டியலும் அரசிதழும் இந்த வடிவத்தையே அச்சிட்டதால், மூன்று தலைமுறைக்குள் அதுவே இயல்பாகத் தோன்றத் தொடங்கியது.

வெட்டு செயற்கையானது என்பதைப் பட்டத்தை நீக்க முனையும்போது நன்றாகக் காணலாம். உண்மையான குடும்பப் பெயராக இருந்தால் அதை எடுத்துவிட்டால் மிச்சம் அப்படியே நிற்க வேண்டும். மயிலாப்பூரில் ஆலிவர் சாலைக்கு இசை மேதை முசிரி சுப்பிரமணிய ஐயரின் பெயரைச் சூட்டியபோது அது முசிரி சுப்பிரமணியம் சாலை ஆயிற்று. பட்டம் போன இடத்தில் 'அம்' என்ற ஈறு திரும்பி வந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2021இல் சாதிப் பட்டங்களை நீக்கியபோது உ.வே. சாமிநாதையர் உ.வே. சாமிநாதர் ஆனார். அவருடைய ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மீனாட்சிசுந்தரனார் ஆனார். இங்கும் வேறொரு மரியாதை ஈறு தேவைப்பட்டது. சி.பி. ராமசாமி சாலையில் இந்தச் சிக்கல் எழவில்லை, ஏனெனில் ராமசாமி இகரத்தில் முடியும் முழுப்பெயர். ஆழ்வார்பேட்டைக் கஸ்தூரி ரங்கா சாலையிலோ ஐயங்கார் போன பின் ஆங்கில அடி அப்படியே தங்கிவிட்டது.

நகரம் வேறு வகைச் சான்றும் தருகிறது. 1920களில் உருவான தியாகராய நகர் சர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயரைக் கொண்டது. அங்கே பட்டமின்றியே பெயர் முழுமையாக இருக்கிறது. பக்கத்திலேயே ஜி.என். செட்டி சாலை. கோபதி நாராயணசாமி செட்டி என்ற பெயரின் முதலெழுத்துகளும் பட்டமும் மட்டுமே அதில் உள்ளன. டி.எம். நாயரின் நினைவாக உள்ள டாக்டர் நாயர் சாலையும் இப்படித்தான். எழுபதுகளின் இறுதியில் எம்.ஜி.ஆர். அரசு தெருப்பெயர்களில் சாதிப் பட்டங்களை நீக்கச் சொன்னபோது இந்த இரண்டிலும் மிஞ்சுவதற்குப் பெயரே இல்லை. மக்கள் வாயில் இன்றும் அது ஜி.என். செட்டி ரோடுதான்.

மூன்று வரிசைகள், மூன்று வழிகள்

ஐந்து வடிவங்களையும் தொடக்க எழுத்துகளை வைத்து மூன்று வரிசைகளாக்கலாம்: ஐ என்று தொடங்குபவை, ஏ-ஐ என்று தொடங்குபவை, ஏ-ஒய் என்று தொடங்குபவை. ஐயங்கார் என்ற பட்டத்துக்கும் ஆங்கிலத்தில் இதே மூன்று வரிசைகள் இருப்பது, இது தனிமனிதர் விருப்பத்தால் மட்டும் விளைந்ததல்ல என்பதை உறுதிசெய்கிறது.

முதலில் ஏ-ஒய் வரிசை. சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான டி. முத்துசாமி ஐயர் (1832–1895) 1877இல் பதவிக்கு வந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் இந்தியச் சட்ட அறிக்கைகளின் சென்னைத் தொகுதி வெளிவரத் தொடங்கியிருந்தது. அந்த அறிக்கைகள் அவர் பெயரை 'முத்து' என்பதில் இரட்டை டி போட்டும், ஐயர் என்பதை ஏ-ஒய்-ஒய்-ஏ-ஆர் என்றும் அச்சிட்டன. சர் எஸ். சுப்பிரமணிய ஐயருக்கும் இதே வடிவம். வி. பாஷ்யம் ஐயங்காருக்கும் இதே தொடக்கம். நீதிபதிகள் மாறினாலும் கூட்டல் மாறவில்லை என்பதால் இது அறிக்கைப் பதிப்பாளரின் முறை என்று துணியலாம். 1870களில் இந்திய அரசு ஏற்ற ஹண்டர் எழுத்துப்பெயர்ப்பு முறை பரவிய காலம் அது. ஒலிக்கு ஒலி, இரட்டிப்புக்கு இரட்டிப்பு என்ற கொள்கை அதில் இருந்தது.

இந்த வரிசைக்கு இன்னோர் ஊற்றும் உண்டு. தெலுங்கும் மலையாளமும் இச்சொல்லை அகரத்தில் தொடங்கி யகரத்தை இரட்டித்து எழுதுகின்றன. நெல்லூர் மாவட்டத்திலிருந்து வந்து மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் 'ஏகாம்ர நிவாஸ்' இல்லத்தில் வாழ்ந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் (1883–1953) அரசியல் நிர்ணய சபை நடவடிக்கைகளில் ஏ-ஒய்-ஒய் வடிவிலேயே இருக்கிறார். திருப்பதிப் பக்கத்து அனந்தசயனம் ஐயங்காரும் அப்படியே. பாலக்காட்டிலிருந்து வந்து சென்னை நீதிபதியான ஏ.எஸ்.பி. ஐயரும் இந்த வடிவையே கைக்கொண்டார். ஆனால் ஊரை வைத்து மட்டும் முடிவுகட்ட முடியாது. அதே பாலக்காட்டில் பிறந்த உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் ஐ-வரிசையைச் சேர்ந்தவர்.

ஏ-ஐ வரிசை புலமையின் வழி வந்தது. வடமொழியை ரோம எழுத்தில் பெயர்க்கும் முறைகளில் ஐகாரத்துக்கு ஏ-ஐ என்பதே குறி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் (1924–1936) இதையே பின்பற்றியது. பி.எஸ். சிவசாமி ஐயர், சி.பி. ராமசாமி ஐயர், மயிலாப்பூரில் சமஸ்கிருதக் கல்லூரியை 1906இல் நிறுவிய வி. கிருஷ்ணசாமி ஐயர் (1863–1911) ஆகியோரின் பெயர்கள் இந்த வரிசையில் அச்சானதற்கு அவர்கள் சார்ந்த கல்விச் சூழலே காரணம் என்பது என் ஊகம். வடமொழி நூல்களை ரோம எழுத்துப் பதிப்புகளிலும் படித்துப் பழகிய வழக்கறிஞர் தலைமுறை அது.

கடைசியாக ஐ-வரிசை. இதில் முறை என்று ஒன்றும் இல்லை, காதுதான் உண்டு. ஆங்கில நெடுங்கணக்கில் அந்த எழுத்தின் பெயரே 'ஐ'. தமிழின் ஐகாரமும் அதுவும் காதுக்கு ஒன்று. ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவர் கையில் ஏ-ஐ என்ற கூட்டலைக் கொடுத்தால் 'ஏயர்' என்று படிப்பார். ஐ என்ற ஒற்றை எழுத்தைக் கொடுத்தால் தவறாகப் படிக்க வாய்ப்புக் குறைவு. செய்தித்தாளும் தபாலும் தட்டச்சும் பெருகப் பெருக, நான்கே எழுத்தில் முடிகிற, காதோடு ஒத்துப்போகிற இந்த வடிவம் வென்றது. முத்துசாமி ஐயரும் கிருஷ்ணசாமி ஐயரும் இன்று எழுதப்படும் வரலாறுகளில் ஐ-வரிசைக்கு மாற்றப்பட்டுவிட்டனர். பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூலகத்தின் ஆங்கிலப் பெயரும் ஐ-வரிசையில்தான் இருக்கிறது.

இதற்கு இணையான வழக்குக்கு வெகுதூரம் போக வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஹூண்டாய் வந்த பிறகு சென்னையில் கொரியர் வாழ்வது பழகிய செய்தி; ராஜா அண்ணாமலைபுரத்தில் 2006 முதல் இன்கோ மையம் கொரியப் பண்பாட்டு நிகழ்ச்சிகளை நடத்துகிறது. கொரியாவில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு உரிய குடும்பப் பெயரை அவர்கள் 'இ' என்றே உச்சரிக்கிறார்கள். 1392இல் சோசன் அரசைத் தொடங்கிய குடும்பத்தின் பெயர் அது. ஆங்கிலத்தில் எழுதும்போது அதே பெயர் வரலாற்று நூல்களில் யி, பெரும்பாலோரின் கடவுச்சீட்டுகளில் லீ, தென்கொரியாவின் முதல் குடியரசுத் தலைவர் சிங்மன் ரீயிடம் ரீ, வட கொரியாவில் ரி. சொல்லின் முதலில் வரும் ரகரத்தைத் தெற்கு விட்டுவிட்டது, வடக்கு வைத்துக்கொண்டது. 1939இன் மெக்கூன்–ரைஷாவர் முறை புலவர்க்கு ஒரு வடிவைத் தந்தது. 2000இல் தென்கொரிய அரசு புதிய முறையை அறிவித்தபோதும் குடும்பப் பெயர்களைப் பின்னர் தனியே தீர்மானிப்பதாக ஒதுக்கிவைத்தது. மக்களோ ஆங்கிலேயரிடம் ஏற்கெனவே புழங்கிய லீயை எடுத்துக்கொண்டார்கள். புலமை முறை, அலுவலக முறை, காது என்ற அதே மூன்று வழிகள். முக்கிய வேறுபாடு ஒன்று: கொரியருக்கு அது பல நூற்றாண்டுகளாகக் குடும்பப் பெயர், நமக்கு அது ஆங்கில ஆவணம் ஆக்கிக் கொடுத்தது.

தமிழ் எழுத்திலும் இரு வடிவங்கள்

ஐயர், அய்யர் என்ற தமிழ் வேறுபாட்டை 1935இல் பெரியார் குடிஅரசு இதழில் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தோடு மட்டும் இணைத்துப் பேசுவது குறைப்பார்வை. ஐகாரத்துக்கு 'அய்' என்று எழுத அவர் முன்மொழிந்ததும், அவர் வழி வந்தோர் அப்படி எழுதிவருவதும் உண்மை. 1978இல் அரசு ஏற்ற சீர்திருத்தத்தில் ஐகாரம் நீங்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் அகரத்தின் பின் யகர மெய் வந்தால் ஐகாரம் போல ஒலிக்கும் என்பதைத் தொல்காப்பியரே மொழிமரபில் சொல்லிவிட்டார். ஆங்கிலத்தின் ஏ-ஐ, ஏ-ஒய் பிளவும் அந்த இலக்கணப் போலியின் இரு பக்கங்களே.

பட்டம் விட்டவர்கள், பட்டம் தங்கியவர்கள்

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் டபிள்யு.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தது. தியாகராய நகரின் பாண்டி பஜாருக்குச் சௌந்தரபாண்டியனார் அங்காடி என்று அவர் பெயர் வழங்குகிறது. பட்டம் உயர்வு தாழ்வைச் சுமந்து நின்றதால் அந்தத் தீர்மானம் தேவையாக இருந்தது. தமிழ்நாட்டின் பொதுவாழ்வை மாற்றியமைத்த பெருமை அதற்கு உண்டு.

ஆனால் பிராமணக் குடும்பங்களுக்குள் பட்டம் அதற்கு முன்பே நெகிழ்வாகத்தான் இருந்தது. சின்னசாமி ஐயரின் மகன் சுப்பிரமணிய பாரதி. எட்டயபுரத்தில் கிடைத்த புலமைப் பட்டம் தந்தையின் பட்டத்தை அகற்றிவிட்டது. இன்னும் தெளிவான சான்று மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில், 'சந்திர விலாஸ்' வீட்டில் வாழ்ந்த குடும்பம். வீட்டுத் தலைவர் சி. சுப்பிரமணிய ஐயர், கர்நாடக இசை பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர், ஏ-ஒய்-ஒய் வரிசையைச் சேர்ந்தவர். அவருடைய உடன்பிறந்த தம்பி 1930இல் நோபல் பரிசு பெற்ற சி.வி. ராமன், பட்டம் கிடையாது. மகன் 1983இல் அதே பரிசைப் பெற்ற எஸ். சந்திரசேகர், அவருக்கும் கிடையாது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவருக்கு இருந்து இன்னொருவருக்கு இல்லாத ஒன்றைக் குடும்பப் பெயர் என்று சொல்ல இயலாது.

குடும்பப் பெயராக அது இறுகியது வெளியூர்களில்தான். மும்பையிலும் தில்லியிலும் அலுவலகப் படிவம் ஒரு குடும்பப் பெயரைக் கேட்டது. பட்டம் கைவசம் இருந்தவர்கள் அதைக் கொடுத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதே பெயரைப் பெற்றார்கள். தமிழ் மரபில் இது முற்றிலும் புதியது. சாமிநாதையரின் மகள் ஐயர் ஆவதில்லை, ஏனெனில் அது ஆண்பாலுக்கான மரியாதை ஈறு. மரபில் தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டவர்கள் வெளிநாட்டில் வேறு வழி கண்டார்கள். பிற்காலத்தில் பெசன்ட் நகரில் வாழ்ந்த பி.வி. கோபாலனின் மகள் சியாமளா 1958இல் பெர்க்கிலிக்குப் படிக்கப் போனபோது தந்தையின் பெயரே குடும்பப் பெயராகி, சியாமளா கோபாலன் ஆனார். அவர் மகள்தான் அமெரிக்காவின் துணை அதிபராக இருந்த (2021–2025) கமலா ஹாரிஸ்.

நூலகப் பட்டியல்களில் இந்த வரலாறு நடைமுறைச் சிக்கலாக எஞ்சியிருக்கிறது. முத்துசாமி ஐயரின் தீர்ப்புகளை இன்றைய கூட்டலில் தேடும் மாணவருக்குப் பழைய சட்ட அறிக்கைகள் அகப்படா. சிவசாமி ஐயரின் நூல்கள் வெவ்வேறு தலைப்புகளின் கீழ்ச் சிதறிக் கிடக்கக்கூடும். ஆங்கிலத்தில் ஐந்தாகப் பிரிந்த சொல் தமிழில் இரண்டே வடிவங்களில் நிற்கிறது. ஆகவே பட்டியலின் தலைமைப் பதிவு தமிழ் எழுத்தில், சாமிநாதையர் என்பது போலப் புணர்ந்த வடிவில் இருக்க வேண்டும். ஆங்கிலக் கூட்டல்கள் அனைத்தும் அதற்குக் கீழே துணைப் பதிவுகளாக வர வேண்டும். பட்டம் நீங்கிய பாடநூல் வடிவங்களையும், சாமிநாதர், மீனாட்சிசுந்தரனார் என்று, அதே பதிவில் இணைக்க வேண்டும். இந்த வேலையை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியவை மயிலாப்பூர், அடையாறு பகுதி நூலகங்களே. இந்தப் பெயர்களைத் தாங்கிய மூல நூல்கள் அவற்றின் அடுக்குகளில்தான் இருக்கின்றன.